முகம் பார்க்காத நண்பருக்காக அழலாமா?

வீட்டில் ஒருவர் இறந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஊருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து நாற்காலிகளை எடுத்துப் போடுவார். ஒருவர் பந்தலுக்குச் சொல்லப் போவார். இன்னொருவர் போனை எடுத்துக்கொண்டு உறவினர்களுக்கெல்லாம் தகவல் சொல்ல ஆரம்பிப்பார். மாலை வரும், சங்கு ஊதுவார்கள், பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். மூன்றாம் நாள் பால், பதினாறாம் நாள் காரியம் என்று துக்கத்துக்கே ஒரு கால அட்டவணை இருக்கிறது. அழுகிறவர் யோசிக்க வேண்டியதே இல்லை. ஊர் அவரைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய்விடும்.

ஆனால் இறந்தவர், ஒருமுறைகூட நேரில் பார்க்காத ஒருவராக இருந்தால்?

ஏழெட்டு வருடங்களாக ஒரே புத்தகங்களை வாசித்து, இணையத்தில் தினமும் அதைப் பற்றிப் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, 'இதைப் படித்தீர்களா?' என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டவர்கள் இன்று உலகமெங்கும் இருக்கிறார்கள். ஒருவர் மதுரையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் டொராண்டோவில். ஒருநாள் அவர்களில் ஒருவர் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைப்பார்கள். மறுநாளும் வரவில்லை. மூன்று வாரம் கழித்து யாரோ ஒருவர் மூலம் செய்தி வருகிறது, அவர் போய்விட்டார் என்று.

அலுவலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பக்கத்தில் இருப்பவர் கேட்கிறார், "யார் தவறிட்டாங்க? சொந்தமா?" இல்லை. "கூடப் படிச்சவரா?" இல்லை. "அப்புறம் யாரு?" இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது? 'நாங்கள் இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்தோம்' என்று சொன்னால் யாருக்குப் புரியும்?

பார்க்காத ஒருவருக்காக அழுவது உண்மையான துக்கம்தானா, அல்லது கணினித் திரை உண்டாக்கிய ஒரு மயக்கமா? உண்மையான துக்கம்தான் என்றால், அதை எப்படிக் காட்டுவது? இந்த இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் பொறுமையாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

இணையத்துக்கு முன்பே

இப்படி ஒரு நட்பு இணையம் வந்த பிறகுதான் உண்டானது என்று நினைத்தால் அது தவறு. கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் எந்தத் திரையில் சந்தித்தார்கள்? ஒருவர் உறையூரில் இருந்த சோழ மன்னர். இன்னொருவர் பாண்டிய நாட்டில் பிசிர் என்ற ஊரில் இருந்த புலவர். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. மன்னர் தன் மக்களோடு பகை கொண்டு, மனம் நொந்து வடக்கிருந்தபோது, பிசிராந்தையாருக்கு ஓர் இடம் ஒதுக்கி வைக்கச் சொன்னார். பார்க்காத நண்பர் எங்கே வரப்போகிறார் என்று சுற்றியிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். அவர் வந்தார். வந்து அந்த இடத்திலேயே உயிரையும் விட்டார் என்று புறநானூறு சொல்கிறது. நட்புக்குப் பழக்கம் முக்கியமில்லை, ஒத்த உணர்ச்சியே போதும் என்ற குறளுக்கு உரை எழுதும்போது பரிமேலழகர் எடுத்துக்காட்டுவதும் இந்த இருவரைத்தான்.

ஆக, 'பார்த்தால்தான் நட்பு' என்ற சட்டத்தைத் தமிழ் இலக்கியம் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை. இன்றைக்குப் பார்க்காத நண்பருக்காக அழுகிறவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள், இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்தவர்கள்தான்!

இன்னொரு கதை இருபதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நியூயார்க்கில் தொலைக்காட்சிக்கும் பத்திரிகைக்கும் எழுதிப் பிழைத்த ஹெலீன் ஹான்ஃப் என்ற பெண்மணி, 1949 அக்டோபரில் லண்டனில் சேரிங் கிராஸ் சாலை 84ஆம் எண்ணில் இருந்த 'மார்க்ஸ் அண்ட் கோ' என்ற பழைய புத்தகக் கடைக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்கு வேண்டிய பழைய புத்தகங்களின் பட்டியல் அது. அவ்வளவுதான். கடையில் வேலை பார்த்த ஃபிராங்க் டோயல் என்பவர் மரியாதையாகப் பதில் எழுதினார். புத்தகமும் பில்லும் போய்வந்த அந்தக் கடிதங்கள் மெல்ல மெல்ல நட்பாயின. போருக்குப் பிறகு பிரிட்டனில் இறைச்சி, முட்டை எல்லாமே ரேஷனில் அளந்து கொடுக்கப்பட்ட காலம் அது. ஹான்ஃப் தன் சொற்ப வருமானத்தில் அந்தக் கடைக்காரர்கள் எல்லோருக்குமாக உணவுப் பார்சல்கள் அனுப்பினார். அவர்கள் பதிலுக்கு ஒரு கைவேலை செய்த மேசை விரிப்பை அனுப்பினார்கள்.

லண்டனுக்கு வாருங்கள் என்று கடையிலிருந்து அழைத்துக்கொண்டே இருந்தார்கள். ஹான்ஃப் ஒவ்வொரு வருடமும் கிளம்ப நினைத்தார். ஒருமுறை பல் வைத்தியம் சேமிப்பை விழுங்கியது. அடுத்தமுறை வேறொரு செலவு வந்தது. இருபது வருடம் இப்படியே ஓடியது. 1969 ஜனவரியில் கடையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை எழுதியவர் டோயல் இல்லை, ஒரு செயலாளர். 1968 டிசம்பர் 22 ஞாயிற்றுக்கிழமை டோயல் காலமாகிவிட்டார் என்று அதில் இருந்தது. கூடவே ஒரு கேள்வியும் இருந்தது. தாங்கள் கேட்டிருந்த ஜேன் ஆஸ்டின் புத்தகங்களை இன்னமும் தேடித்தர வேண்டுமா?

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எழுதியவர் மேல் தப்பே இல்லை. அவருக்கு ஹான்ஃப் ஒரு வாடிக்கையாளர். கடைக் கணக்கில் ஒரு பெயர். அந்தப் பெயருக்கும் இறந்த மனிதருக்கும் நடுவில் இருபது வருடம் என்ன இருந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? பார்க்காத நண்பரின் துக்கம் இப்படித்தான் வரும். சாவுச் செய்தி ஓர் அலுவலகக் கடிதத்தின் நடுவில் ஒரு வரியாக வரும். அழுவதற்கு உரிமை உண்டா என்றுகூடத் தெரியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. டோயலின் மனைவி ஹான்ஃபுக்குக் கடிதம் எழுதினார். உங்கள் கடிதங்களை அவர் அவ்வளவு ரசித்துப் படிப்பார், சில சமயம் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும் என்ற பொருளில் மனம் திறந்து எழுதினார். குடும்பத்தின் சம்மதத்தோடு அந்தக் கடிதங்கள் 1970இல் கடையின் முகவரியையே தலைப்பாகக் கொண்ட ஒரு சின்னப் புத்தகமாக வெளிவந்தன. அந்தப் புத்தகத்தால்தான் ஹான்ஃப் 1971இல் லண்டனுக்குப் போக முடிந்தது. கடை அதற்குள் மூடப்பட்டுவிட்டது. டோயல் இல்லை. அவருடைய மனைவியும் மகளும்தான் இருந்தார்கள். புத்தகம் பின்னால் நாடகமானது, 1987இல் திரைப்படமும் ஆனது. கடை இருந்த இடத்தில் இன்று ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. ஒரு பழைய புத்தகக் கடை ஊழியருக்கு, அவரைப் பார்த்தே இராத ஒரு வாசகி எழுப்பிய நினைவுச் சின்னம் என்றே அதைச் சொல்லலாம்.

பெற்றோருக்கே தெரியாத நண்பர்கள்

இணைய காலத்துக்கு வருவோம். நார்வேயில் மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் இருந்தார். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் டூஷென் என்ற பரம்பரை நோய் அவருக்கு. சக்கர நாற்காலி வாழ்க்கை. 2014 நவம்பரில் 25 வயதில் இறந்துபோனார். மகன் நண்பர்களே இல்லாமல், அறைக்குள் கணினி விளையாட்டிலேயே வாழ்க்கையைத் தொலைத்துவிட்டானே என்பதுதான் பெற்றோரின் பெரிய வருத்தம். மாட்ஸ் தன் வலைப்பதிவின் கடவுச்சொல்லை விட்டுச் சென்றிருந்தார். அதில் அவர்கள் மரணச் செய்தியைப் போட்டார்கள். யாராவது ஒன்றிரண்டு பேர் பார்த்தால் சரி என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பல நாடுகளிலிருந்து மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற விளையாட்டில் அவர் 'இபெலின்' என்ற பெயரில் இருந்திருக்கிறார். அங்கே ஒருத்தியின் மனக்கசப்பைத் தீர்த்திருக்கிறார், ஒரு தாய்க்கும் மகனுக்கும் நடுவில் பேச்சு வளர உதவியிருக்கிறார், எத்தனையோ பேருக்குக் காது கொடுத்திருக்கிறார். அவர்களில் சிலர் விமானம் ஏறி இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். அன்றுதான் பெற்றோர் தங்கள் மகன் யார் என்று தெரிந்துகொண்டார்கள் என்று சொன்னால் மிகையில்லை. 2024இல் அவர் கதை ஓர் ஆவணப்படமாகவும் வந்தது.

அவர்கள் விளையாட்டுக் குழுவினர், வாசகர் குழுவினர் இல்லை. ஆனாலும் இந்தச் சம்பவம் சொல்லும் விஷயம் வாசகர்களுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும். வாசிப்பு என்பது வெளியிலிருந்து பார்த்தால் தனிமை. புத்தகமும் கையுமாக ஒரு மனிதர் மூலையில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் வீட்டாருக்குத் தெரியும். அவர் எந்தப் பக்கத்தில் சிரித்தார், எந்த வரியில் கலங்கினார் என்பது மனைவிக்குத் தெரியாமல் இருக்கலாம், பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் சக வாசகருக்குத் தெரிந்திருக்கும். இறந்தவரின் ஒரு பாதி வீட்டில் இருக்கிறது, மறு பாதி அந்த வாசகர்களிடம் இருக்கிறது. அந்த மறு பாதியை வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்து 'நீ ஏன் அழுகிறாய்?' என்று எப்படிக் கேட்க முடியும்?

மறுப்பவர்கள் சொல்வதும் சரிதானா?

மறுத்துப் பேசுகிறவர்களிடமும் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்காமல் போகக்கூடாது.

முதலாவது, இணையத்தில் இருப்பவர் உண்மையிலேயே இருக்கிறாரா என்பதே நிச்சயமில்லை என்கிறார்கள். அமெரிக்காவில் 'கேசி நிக்கோல்' என்ற பெயரில் ஒரு பத்தொன்பது வயதுப் பெண் புற்றுநோயோடு போராடும் தன் கதையை இணையத்தில் எழுதி வந்தார். 2001 மே மாதம் அவர் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஆயிரக்கணக்கானோர் கதறினார்கள். கொஞ்ச நாளிலேயே அப்படி ஒரு பெண்ணே இல்லை, ஒரு நடுத்தர வயதுப் பெண்மணியின் கற்பனை அது என்று தெரியவந்தது. அழுதவர்கள் எல்லோரும் ஏமாளிகள் ஆனார்கள்.

ஆனால் ஏமாற்றியவரின் குற்றத்தை அழுதவர் மேல் சுமத்தலாமா? கள்ள நோட்டு இருக்கிறது என்பதற்காக எல்லா நோட்டும் செல்லாது என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் வேறு. மரணச் செய்தியைப் பரப்பும் முன் உறுதி செய்துகொள்ள வேண்டும். உயிரோடு இருப்பவருக்கு அஞ்சலி செலுத்தும் கூத்தும் இணையத்தில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவரோ, நேரில் அறிந்த ஒருவரோ சொல்லும்வரை காத்திருப்பதில் யாருடைய அன்பும் குறைந்துவிடாது.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் கனமானது. இணைய அஞ்சலி மலிவானது என்கிறார்கள். 'ஆழ்ந்த இரங்கல்' என்று இரண்டு சொல்லைத் தட்டிவிட்டு, ஒரு மெழுகுவர்த்திப் படத்தையும் ஒட்டிவிட்டு, அடுத்த நிமிடம் சினிமா விமர்சனம் படிக்கப் போய்விடுகிறார்கள். இதற்குப் பெயர் துக்கமா?

இந்தக் குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இது இணையத்துக்கு மட்டும் உள்ள நோயா? இழவு வீட்டு வாசலில் உட்கார்ந்து அரசியல் பேசுகிறவர்கள் இல்லையா? மாலை போட்டுவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறவர்கள் இல்லையா? மலிவான துக்கம் எல்லா இடத்திலும் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். ஊரில் துக்கத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. பாடை கட்ட வேண்டும், சுமக்க வேண்டும், சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மனதில் துக்கம் இல்லாதவரும் அந்த வேலையைச் செய்து முடித்துவிடுவார். இணைய வாசகர்களுக்கு அப்படி ஒரு வேலை இன்னும் ஒதுக்கப்படவில்லை. கைக்கு வேலை இல்லாததால் சொல் மட்டும் பெருகுகிறது. சொல் பெருகப் பெருக அது மலிவாகத் தெரிகிறது.

அப்படியானால் வாசகர்களின் துக்கத்துக்குத் தகுந்த வேலை எது?

பெயரைப் பேசிக்கொண்டே இருப்பது

டெர்ரி பிராட்செட் என்ற ஆங்கில எழுத்தாளர் 2015 மார்ச் 12 அன்று 66 வயதில் காலமானார். 'டிஸ்க்வேர்ல்ட்' என்ற நகைச்சுவை மிகுந்த கற்பனை உலகக் கதைகளை எழுதியவர். அல்சைமர் நோயின் ஓர் அரிய வகை தனக்கு வந்திருப்பதை 2007இல் அவரே வெளிப்படையாக அறிவித்தார். இணையம் பிள்ளைப் பருவத்தில் இருந்தபோதே வாசகர்களோடு அங்கே நேரடியாகப் பேசி, கிண்டல் செய்து, பதில் சொல்லி வந்தவர். அதனால் வாசகர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே நினைத்தார்கள்.

2004இல் வெளிவந்த அவருடைய 'கோயிங் போஸ்டல்' நாவலில் ஒரு செய்தி கிடைக்கிறது. அந்த உலகத்தில் தந்திக்குப் பதிலாக உயரமான கோபுரங்கள் இருக்கும். ஒரு கோபுரத்திலிருந்து அடுத்த கோபுரத்துக்கு ஒளி சைகையால் சேதி போகும். வேலையில் இருக்கும்போது இறந்துபோன ஊழியர்களின் பெயரை, மற்ற ஊழியர்கள் அந்தக் கம்பியில்லாத் தந்தியில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். பெயருக்கு முன்னால் மூன்று எழுத்துக் குறி இருக்கும். அடுத்த கோபுரத்துக்கு அனுப்பு, கணக்கில் எழுதாதே, கடைசிக் கோபுரம் வந்ததும் திருப்பி அனுப்பு என்பது அதன் பொருள். அதாவது அந்தப் பெயர் நிற்காமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும். பெயர் போய்க்கொண்டிருக்கும் வரை அந்த மனிதர் முழுதாகச் சாகவில்லை.

பிராட்செட் இறந்ததும் அவருடைய வாசகர்களில் நிரல் எழுதத் தெரிந்தவர்கள் அதையே செய்தார்கள். இணையதளம் ஒன்றைத் திறக்கும்போது, கண்ணுக்குத் தெரியாமல் கணினிகள் தங்களுக்குள் சில குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ளும். அந்தக் குறிப்புகளுக்கு நடுவில் பிராட்செட்டின் பெயரைச் செருகிவிட்டார்கள். பக்கத்தைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பக்கம் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் அவர் பெயர் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குப் போகும். ஏராளமான தளங்கள் இதைச் செய்தன, இன்றும் செய்கின்றன.

யோசித்தால் இது நடுகல் நட்டவர்களின் வேலைதான். ஆநிரை மீட்டு இறந்த வீரனின் பெயரும் பெருமையும் வழிப்போக்கர் கண்ணில் பட வேண்டும் என்று கல்லில் எழுதிவைத்தது தமிழர் மரபு. இங்கே கல் இல்லை, மின்னோட்டம் இருக்கிறது. இதில் பாராட்ட வேண்டியது தொழில்நுட்பத்தை அல்ல. அந்த வாசகர்கள் அஞ்சலிக்கான வடிவத்தை வெளியே தேடவில்லை, அவர் எழுதிய புத்தகத்துக்குள்ளேயே தேடி எடுத்தார்கள். அவரை ஒழுங்காகப் படித்தவர்களால் மட்டுமே செய்யக்கூடிய அஞ்சலி அது. மெழுகுவர்த்திப் படத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் இங்கேதான் இருக்கிறது.

பிரபல எழுத்தாளருக்கு இதெல்லாம் சரி, ஒரு சாதாரண வாசகருக்கு? அவருக்கும் இதைச் செய்யலாம். அவர் எல்லோரையும் படிக்கச் சொல்லிக் கெஞ்சிய ஒரு புத்தகம் நிச்சயம் இருக்கும். 'அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட்டவர்களும் நிச்சயம் இருப்பார்கள். அந்தப் புத்தகத்தை எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம். அவர் இருந்திருந்தால் இந்த இடத்தில் என்ன சொல்லியிருப்பார் என்று பேசலாம். அவர் பெயரில் ஓர் ஊர்ப்புற நூலகத்துக்கோ பள்ளிக்கோ அதில் நான்கு பிரதி வாங்கிக் கொடுக்கலாம். இது பெரிய செலவில்லை. ஆனால் இதைச் செய்ய, அவரை நினைவில் வைத்திருக்க வேண்டும். துக்கம் என்பது அதுதானே?

விட்ட இடத்திலிருந்து

இன்னொரு வழியும் இருக்கிறது. இறந்தவர் செய்துகொண்டிருந்த வேலையைத் தொடர்வது.

மைக்கேல் ஹார்ட் என்ற அமெரிக்கர் 1971 ஜூலை 4 அன்று, இலினாய் பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தைத் தன் கையால் தட்டச்சு செய்து ஏற்றினார். 'புராஜெக்ட் குட்டன்பர்க்' என்ற இலவச மின்னூலகத்தின் பிறப்பு அதுதான். 2011 செப்டம்பரில் 64 வயதில் அவர் காலமானார். பணமோ பதவியோ சேர்த்து வைத்தவர் அல்ல. ஆனால் தன்னார்வலர்கள் நிறுத்தவில்லை. ஒரு பழைய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஆளுக்கொரு பக்கம் மெய்ப்புப் பார்க்கிறார்கள். இன்று அங்கே 70,000க்கும் அதிகமான நூல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு புதிய நூலும் அவருக்கான அஞ்சலிதான், இரங்கல் என்ற சொல் அதில் எங்கும் இல்லாவிட்டாலும்!

தமிழிலும் 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கியது. உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலேயே, சங்க இலக்கியத்திலிருந்து சிறுகதை வரை தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தார்கள். அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி, ஒருங்குறியில் 'தேனீ' எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். பழைய கணினிகளில் தமிழ் வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்த அந்த நாட்களில், எத்தனையோ பேர் முதன்முதலாக இணையத்தில் தமிழ் வாசித்தது அவருடைய எழுத்துருவில்தான். 2006 ஜூலையில் அவர் காலமானபோது அவரைப் பார்த்தே இராத தமிழ் வாசகர்கள் பல நாடுகளில் வருந்தினார்கள். அந்த வருத்தத்தை மயக்கம் என்று யார் சொல்ல முடியும்? அவர்கள் வாசித்த ஒவ்வொரு எழுத்தின் வளைவிலும் அவர் கை இருந்தது.

இரண்டாவது மரணம்

இங்கே ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். இணையத்தில் எழுதியது நிரந்தரம் என்ற நம்பிக்கை பொய். 'ஜியோசிட்டிஸ்' 2009 அக்டோபரில் மூடப்பட்டது. லட்சக்கணக்கான தனிமனிதர்களின் பக்கங்கள் போயின. 2000களில் தமிழ் வாசகர்கள் இரவு பகலாக இலக்கியம் பேசிய 'ராயர் காபி கிளப்', 'மரத்தடி' போன்ற குழுக்கள் யாஹூவில் இருந்தன. யாஹூ குழுமச் சேவை 2020 டிசம்பரில் முழுவதுமாக மூடப்பட்டது. இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கும் வழக்கத்தைக் கூகிள் 2023 டிசம்பரில் தொடங்கியது. இறந்தவர் எப்படி வந்து கணக்கைத் திறப்பார்? கடவுச்சொல் யாருக்கும் தெரியாவிட்டால் மின்னஞ்சல், கட்டுரை, புகைப்படம் எல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். அது அவருடைய இரண்டாவது மரணம். அதற்கு யாரும் பறை அடிப்பதில்லை.

ஆகவே சேமிப்பதும் துக்கத்தின் வேலைதான். ஆனால் எல்லாவற்றையும் அள்ளிப் பத்திரப்படுத்துவது அன்பாகிவிடாது. இறந்தவரின் விருப்பம் முதலில். தான் முடிக்காத கதைகள் இருந்த ஹார்டு டிஸ்க்கை ரோடு ரோலர் ஏற்றி நசுக்க வேண்டும் என்பது பிராட்செட்டின் ஆசை. 2017 ஆகஸ்டில் இங்கிலாந்தில் ஒரு நீராவி இயந்திரத் திருவிழாவில் உண்மையாகவே ரோலரை ஏற்றி நசுக்கினார்கள். எத்தனை வாசகர்களுக்கு நெஞ்சு பதறியிருக்கும்! ஆனாலும் அதுதான் மரியாதை. பொதுவில் எழுதியதைக் குடும்பத்தின் சம்மதத்தோடு தொகுக்கலாம். தனிமடலில் நம்பிச் சொன்னதைத் தொடக்கூடாது. இறந்தவரால் இனி 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது என்பதாலேயே, மற்றவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

உயிரோடு இருக்கும்போதே

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். மாட்ஸ் ஸ்டீன் கடவுச்சொல்லை விட்டுப் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெற்றோர் தங்கள் மகன் தனியாகவே வாழ்ந்து தனியாகவே செத்தான் என்ற எண்ணத்தோடு மீதி வாழ்க்கையைக் கழித்திருப்பார்கள். நண்பர்கள், இபெலின் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டான் என்று நினைத்திருப்பார்கள். இரண்டு பக்கமும் அன்பு இருந்தும் நடுவில் பாலம் இல்லாமல் போயிருக்கும். ஒரே ஒரு சொல், ஒரு கடவுச்சொல், அந்தப் பாலத்தைக் கட்டியது.

இதைச் செய்வது ஒன்றும் கஷ்டமில்லை. தன் கணக்கு செயல்படாமல் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும் என்று சொல்லி வைக்கும் வசதியைக் கூகிள் 2013லேயே கொண்டுவந்தது. ஃபேஸ்புக்கும் 2015இல் அப்படி ஒருவரை நியமிக்க வழி செய்தது. இதெல்லாம் புரியாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். 'எனக்கு ஏதாவது ஆனால் இந்த நண்பருக்கு ஒரு போன் செய்யுங்கள், அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார்' என்று ஒரு வரி எழுதி வீட்டில் சொல்லி வைத்தால் போதும். சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். ஆனால் சோழனும் சாவதற்கு முன்னால்தானே நண்பருக்கு இடம் ஒதுக்கச் சொன்னார்? அதை யாரும் அபசகுனம் என்று சொல்லவில்லை. நட்பின் இலக்கணம் என்றுதான் இரண்டாயிரம் வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அதேபோல் வாசகர்களும் குடும்பத்துக்கு எழுத வேண்டும். இணையத்தில் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதோடு நின்றுவிடக்கூடாது. 'உங்கள் கணவர் சொல்லித்தான் இந்தப் புத்தகத்தைப் படித்தேன்', 'உங்கள் அம்மா என் கதையைத் திருத்திக் கொடுத்தார்', 'உங்கள் அண்ணன் ஒருநாள் இரவு இரண்டு மணி வரை எனக்குத் தைரியம் சொன்னார்' என்று நான்கு வரி எழுதினால், அந்த வீட்டில் அது பத்திரமாக இருக்கும். மூலையில் உட்கார்ந்து சதா எதையோ படித்துக்கொண்டிருந்த மனிதர் யாரோடு பேசிக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரியும். வீட்டில் இருக்கும் பாதியும் வெளியே இருக்கும் பாதியும் ஒன்று சேர்வது அப்போதுதான்.

பார்க்காத நண்பருக்காக அழலாமா என்றால், தாராளமாக அழலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அழுது முடித்த பிறகு அவர் படிக்கச் சொன்ன அந்தப் புத்தகத்தை எடுக்க வேண்டும். ஹான்ஃபைக் கேட்ட அதே கேள்வி அங்கேயும் காத்திருக்கிறது, அந்தப் புத்தகம் இன்னமும் வேண்டுமா என்று. வேண்டும் என்று சொல்வதுதான் ஒரு வாசகர் இன்னொரு வாசகருக்குச் செய்யக்கூடிய கடைசி மரியாதை.